சம்ப் (எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) உடைந்து எஞ்சின் நின்றுபோன 2010 ஸ்விஃப்ட் டீசல்: எஞ்சினை மாற்றுவதா, வண்டியை விட்டுவிடுவதா?

வத்தலக்குண்டு ஆசிரியை (18 ஜனவரி 2025)

அனைவருக்கும் வணக்கம். ஒரு வாரமாக யோசித்தும் முடிவுக்கு வர முடியாமல் இங்கே எழுதுகிறேன்.

வண்டி 2010 ஜூனில் பதிவான மாருதி ஸ்விஃப்ட் வி.டி.ஐ. மீட்டரில் 1,86,400 கிலோமீட்டர். 2015இல் முதல் உரிமையாளரிடமிருந்தே வாங்கினேன். அன்று முதல் நான்தான் ஓட்டுகிறேன். என் பள்ளி தாண்டிக்குடி போகும் மலைச்சாலையில் இருக்கிறது. போக வர 60 கிலோமீட்டர். வழியில் இன்னும் இரண்டு ஆசிரியைகள் ஏறிக்கொள்வார்கள், டீசல் செலவை மூவரும் பகிர்ந்துகொள்வோம்.

பொங்கல் விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை இறங்கிக்கொண்டிருந்தோம். எதிரே மலைவாழைத் தார் ஏற்றிய மினி லாரி வந்தது. வழிவிட இடப்பக்கம் ஒதுங்கினேன். புல்லுக்குள் கிடந்த கல் கண்ணில் படவில்லை. அடியில் "டங்" என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். லாரிக்குப் பின்னால் பஸ் வந்துகொண்டிருந்ததால் அப்படியே நகர்ந்துவிட்டேன். இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் மீட்டரில் ஆயில் கேன் படம் சிவப்பாக எரிந்தது. ஆயில் குறைந்திருக்கும், அடிவாரத்தில் ஒரு லிட்டர் வாங்கி ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அது என் அறியாமை. அந்த விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைக்க வேண்டும் என்று பதினைந்து வருடமாகக் கார் ஓட்டும் எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். "டக் டக் டக்" என்று சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம் எழுந்து, வளைவுக்கு வளைவு பெருத்துக்கொண்டே வந்தது. பிறகு ஸ்டீயரிங் திடீரெனக் கல் போல இறுகியது. வண்டி தானாக நின்றது. கதவைத் திறந்தால் சூடான ஆயில் வாடை. கைபேசி வெளிச்சத்தில் வந்த வழியைப் பார்த்தேன். சாலை நடுவில் கறுப்பாக ஒரே கோடு, வளைவுக்கு அப்பால் கண்ணுக்கு எட்டாத தூரம் வரை.

உள்ளூர் மெக்கானிக்கின் பட்டறைக்கு இழுத்து வந்துவிட்டோம். எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்கின் புல்லியில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் கால் சுற்று வந்து நின்றுவிடுகிறது. அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

இதுவரை கேட்ட விலைகளைச் சொல்கிறேன். மதுரையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் புது எஞ்சின், கூலி, வரி எல்லாம் சேர்த்து 2,55,000 ரூபாய் என்றார்கள். உள்ளூர் மெக்கானிக் எஞ்சினை இறக்கி முழு வேலை செய்தால் 95,000 முதல் 1,10,000 வரை ஆகலாம், திறந்து பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்கிறார். சென்னை புதுப்பேட்டையில் அவருக்குத் தெரிந்தவரிடம் பழைய எஞ்சின் 55,000க்கு இருக்கிறதாம். லாரி வாடகை, கூலி, இதரச் செலவோடு 85,000 வரும். காயலான்கடைக்காரர் இப்போதைய நிலையிலேயே 62,000 தருவதாகச் சொல்கிறார். ஓடும் நிலையில் இருந்தால் இரண்டு லட்சத்துக்குப் போகும் என்கிறார் ஒரு தரகர்.

முழு இன்சூரன்ஸ் இருக்கிறது. ஆய்வுக்கு வந்தவர், கல் அடித்து உடைந்த சம்புக்கு மட்டும் பணம் வரும், அதன்பிறகு ஓட்டியதால் எஞ்சினுக்குள் ஏற்பட்ட சேதத்துக்கு வராது என்று சொல்லிவிட்டார்.

என் கணவர் வேறு வண்டி வாங்கிவிடலாம் என்கிறார். வீட்டுக்கடன் இன்னும் ஆறு வருடம் இருக்கிறது, ஜூனில் மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். அதே ஜூனில் இந்த வண்டிக்கும் 15 ஆண்டு முடிந்து எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். டெல்லியில் இருக்கும் உறவினர் ஒருவர், டீசல் வண்டிக்குப் பத்து ஆண்டுதான் ஆயுள், பணத்தைக் கொட்டாதே என்று பயமுறுத்துகிறார்.

ஆனால் வண்டியின் உடம்பு நன்றாக இருக்கிறது. எங்கும் துரு இல்லை. கிளட்ச் மாற்றி இரண்டு வருடம், நான்கு டயரும் போட்டு எட்டு மாதம்தான் ஆகிறது. மலையில்கூட லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தது. இப்போது காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி முதல் பஸ்ஸைப் பிடிக்கிறேன். அதை விட்டால் முதல் பாடவேளைக்குள் பள்ளி போய்ச் சேர முடியாது.

இரண்டு லட்சம் பெறும் வண்டிக்கு ஒரு லட்சம் செலவழிப்பது சரியா? செலவழிப்பதானால் பழைய எஞ்சினா, இருப்பதையே சரிசெய்வதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மதுரை லேத் (18 ஜனவரி 2025)

டீச்சர், வணக்கம். முப்பது வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கிராங்க், ஹெட், பிளாக் எல்லாம் என் கைக்கு வரும். விலையைப் பிறகு பேசலாம். நாளைக்கே சம்பைக் கழற்றி, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் நான்கு கனெக்டிங் ராடின் மூடியையும் திறக்கச் சொல்லுங்கள். அரைநாள் வேலை. அதைப் பார்க்காமல் யார் என்ன விலை சொன்னாலும் அது ஊகம்தான்.

உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். கிராங்கும் கனெக்டிங் ராடும் சேரும் இடத்தில் ஒரு பேரிங் தகடு இருக்கும். பத்து ரூபாய் நாணயத்தின் தடிமன்கூட இருக்காது. ஓடும்போது அந்தத் தகடும் கிராங்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலம் தாங்கிக்கொள்கிறது. ஆயில் அழுத்தம் போனதும் உலோகமும் உலோகமும் உரசும், தகடு சூடேறிக் கிராங்கோடு ஒட்டிக்கொண்டு ராடுக்குள் சுழலும். நீங்கள் கேட்ட "டக் டக்" அதுதான். அந்தச் சத்தம் வந்த பிறகு ஓடிய ஒவ்வொரு நிமிடத்துக்கும் கிராங்க் தேய்ந்திருக்கும். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. டிரைவிங் ஸ்கூலில்கூட அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றிச் சொல்லித் தருவதில்லை. படிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளட்டும்: அது ஆயில் அளவைக் காட்டும் விளக்கு அல்ல, ஆயில் அழுத்தம் போய்விட்டது என்று சொல்லும் விளக்கு.

திறந்ததும் கிராங்கின் பளபளப்பான பகுதியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேயாவது தட்டினால் அந்தக் கிராங்க் அப்படியே ஆகாது. மைக்ரோமீட்டர் வைத்து அளக்க வேண்டும். பழைய அம்பாசடர் எஞ்சின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அரைத்து, அடுத்த அளவு பேரிங் போட்டுக் கொடுத்துவிடுவேன். இப்போதைய கிராங்குகளின் மேற்பரப்பைக் கடினப்படுத்தியிருப்பார்கள். அரைத்தால் அந்தத் தோல் போய்விடும். அரைத்தாலும் அதற்கேற்ற பேரிங் கிடைக்க வேண்டும். ஆகவே உங்கள் வண்டிக்குக் கிராங்க் போயிருந்தால் அரைத்துப் போட நான் சொல்லமாட்டேன். ராட் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தால் அதுவும் போனதுதான்.

அடுத்தது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ. அதுவும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது. காற்றுக் குழாயைக் கழற்றி, உள்ளே இருக்கும் விசிறியின் தண்டை விரலால் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சற்றே ஆட்டம் இருக்கலாம். விசிறி பக்கச்சுவரில் உரசினால் டர்போ போய்விட்டது என்று அர்த்தம். எஞ்சினைப் பிரித்துக் கட்டும் பலர் இதைப் பார்ப்பதில்லை. பேரிங் தேய்ந்த தூள் ஆயில் வழியெல்லாம் ஓடியிருக்கும். ஆயில் கூலருக்குள் ஒரு துணுக்கு தங்கினாலும் புது பேரிங் அடுத்த மாதமே போகும்.

உங்கள் எஞ்சின் ஃபியட் வடிவமைத்த 1.3 மல்டிஜெட், 1248 சி.சி. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ, லீனியா என்று எத்தனையோ கார்களில் வந்தது. அதனால் பழைய எஞ்சினுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் மூன்றில் ஒன்றிலிருந்து வந்ததையே வாங்குங்கள். மற்ற கம்பெனி வண்டியிலிருந்து வந்தால் எஞ்சின் தாங்கி, ஒயரிங், சென்சார் என்று ஒவ்வொன்றாகப் பொருந்தாமல் இழுத்தடிக்கும். இதிலேயே 75 குதிரைத்திறன் வகையும் 90 குதிரைத்திறன் வகையும் உண்டு, டர்போ வேறு. உங்களுடையது 75.

பழைய எஞ்சினுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் அதன் சம்பையும் உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். திறக்க மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். ஆயில் ஊற்றும் மூடிக்குள் வெள்ளையாக வெண்ணெய் போலப் படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் எஞ்சினா என்றும் பாருங்கள். 2015இலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை வண்டிகள் மூழ்கின என்பது எல்லோருக்கும் தெரியும். பின்னால் இடிபட்டுக் கழிக்கப்பட்ட வண்டி என்றால் எஞ்சினுக்குச் சேதம் இருக்க வாய்ப்புக் குறைவு. அப்படி ஒன்றைத் தேடச் சொல்லுங்கள்.

திருப்பூர் பனியன் (19 ஜனவரி 2025)

டீச்சர், லேத்காரர் சொன்னது அத்தனையும் சரி. நான் பட்ட இழப்பையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 2006ஆம் வருட வண்டி ஒன்றுக்கு 2019இல் 78,000 செலவில் எஞ்சின் வேலை செய்தேன். எஞ்சின் அருமையாக ஓடியது. நான்காவது மாதம் ஏ.சி. கம்ப்ரசர் போனது. ஆறாவது மாதம் ஸ்டீயரிங் ராக். அதன்பிறகு இரண்டு இன்ஜெக்டர். ஒன்றரை வருடத்தில் மொத்தம் 1,60,000. இவ்வளவு செலவழித்துவிட்டோமே என்ற நினைப்பே அடுத்த செலவையும் செய்ய வைத்தது. கடைசியில் 1,10,000க்கு விற்றேன்.

அதனால் எஞ்சினுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடுத்த இரண்டு வருடத்தில் போகக்கூடியவை எவை என்று மெக்கானிக்கை எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்கள் தினமும் மலையில் மூன்று உயிர்களோடு இறங்குகிறீர்கள். பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் மூன்றும் எஞ்சினைவிட முக்கியம். அதையும் கூட்டி ஒரு தொகையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீடு அதைத் தாண்டினால் 62,000 வாங்கிக்கொண்டு விட்டுவிடுங்கள், மனம் கேட்காவிட்டாலும்.

வத்தலக்குண்டு ஆசிரியை (19 ஜனவரி 2025)

இருவருக்கும் மிகுந்த நன்றி. லேத் ஐயா, நீங்கள் எழுதியதை அப்படியே மெக்கானிக்கிடம் படித்துக் காட்டினேன். அவரும் சம்பைத் திறந்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். திருப்பூர் அண்ணன் சொன்னபடி என் எல்லையை எழுதி வைத்துவிட்டேன்: எல்லாம் சேர்த்து 1,15,000. அதற்கு மேல் போனால் வண்டியைக் கொடுத்துவிடுவேன். வேறு எஞ்சின் போட்டால் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) சிக்கல் வருமா?

பதிவெண் (20 ஜனவரி 2025)

அம்மா, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

டெல்லி உறவினர் சொன்னது டெல்லி தலைநகர்ப் பகுதிக்கான கட்டுப்பாடு. அங்கே டீசலுக்குப் பத்து ஆண்டு, பெட்ரோலுக்குப் பதினைந்து என்று விதித்திருந்தார்கள். தமிழ்நாட்டில் உங்கள் வண்டிக்கு அது பொருந்தாது. இங்கே சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டு முடிந்ததும் ஆய்வுக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். படிவம் 25. காருக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆக்கினார்கள். பசுமை வரி தனி.

எஞ்சின் எண் ஆர்.சி.யில் இருப்பதால் வேறு எஞ்சின் போட்டால் அதைப் பதிய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. முன் அனுமதி வாங்கிவிட்டு மாற்றுவதே முறை. அனுமதியில்லாமல் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இருக்கும் எஞ்சினையே பிரித்துக் கட்டினால் எண் மாறாது, இந்த வேலை எதுவும் இல்லை. ஒப்பிடும்போது இதையும் கணக்கில் எடுங்கள்.

பழைய எஞ்சினை விற்பவர் எஞ்சின் எண்ணைக் குறிப்பிட்டு ரசீது தர வேண்டும். அது எந்த வண்டியிலிருந்து வந்ததோ அந்த ஆர்.சி.யின் நகலும் வேண்டும். இரண்டும் இல்லாத எஞ்சின் பத்தாயிரம் குறைவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். திருட்டு வண்டியின் எஞ்சின் என்று தெரியவந்தால் காவல் நிலையத்துக்கு அலைய வேண்டியவர் நீங்கள்தான். எண்ணைச் சுரண்டியிருக்கிறார்களா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஆர்.சி.யில் ஏறிய பிறகு இன்சூரன்ஸ் பாலிசியிலும் புது எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். இதையெல்லாம் முடித்துவிட்டு ஜூனில் புதுப்பிக்கப் போனால், ஆய்வாளர் எண்ணைச் சரிபார்க்கும்போது தடை வராது.

வத்தலக்குண்டு ஆசிரியை (2 பிப்ரவரி 2025)

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். தேர்வுத்தாள் வேலையும் சேர்ந்துகொண்டது.

21ஆம் தேதி சம்பைத் திறந்தார்கள். பள்ளி முடிந்து பஸ்ஸில் இறங்கி நேராகப் பட்டறைக்குப் போனேன். சம்பின் அடியில் இருந்த சொச்ச ஆயிலுக்குள் மெக்கானிக் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். ஜிகினாத் தூள் போல மினுமினுத்தது. மூன்றாவது ராடின் பேரிங்கை என் உள்ளங்கையில் வைத்தார். மற்ற மூன்றும் அரைவட்டமாக, சாம்பல் நிறத்தில், சில கீறல்களோடு இருந்தன. இது மிட்டாய்த் தாள் போல மெலிந்து, ஓரங்கள் பிதுங்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நசுங்கியிருந்தது. அந்த ராடின் அடிப்பகுதி நீலம் பாய்ந்திருந்தது. கிராங்கில் நகத்தை ஓட்டினேன். வரிவரியாகத் தட்டியது. அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்கவில்லை.

டர்போவின் தண்டிலும் ஆட்டம் அதிகம், விசிறி சுவரைத் தொட்ட அடையாளம் தெரிகிறது. ஆக இருக்கும் எஞ்சினையே கட்டுவதென்றால் கிராங்க், ராட், நான்கு செட் பேரிங், ஆயில் பம்ப், டர்போ என்று போட்டு 1,38,000 வந்தது. என் எல்லையைத் தாண்டிவிட்டது. வீட்டில் அன்றிரவு விற்றுவிடலாம் என்றே பேசி முடித்தோம்.

மறுநாள் மெக்கானிக்கே கூப்பிட்டார். மதுரையில் ஒரு டிசையர் கழிக்க வந்திருக்கிறதாம். நான்குவழிச் சாலையில் பின்னால் லாரி மோதி டிக்கி இருக்கை வரை உள்ளே போன வண்டி, முன்பக்கம் ஒரு கீறல் இல்லை. மீட்டரில் 94,000. டர்போவோடு 58,000 கேட்டார்கள். சனிக்கிழமை நானும் போனேன். முதலில் சம்பைத் திறக்க முடியாது என்றார் உரிமையாளர். திறந்தால்தான் பணம், திறக்கும் கூலியை நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டு மர பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து ஆள் அனுப்பினார். இரண்டு மூடியைத் திறந்தார்கள். பேரிங்குகள் ஒரே மாதிரி சாம்பல் நிறத்தில், கீறல் இல்லாமல் இருந்தன. ஆயில் மூடிக்குள் கறுப்பு மட்டும், வெண்மை இல்லை. ஆர்.சி. நகலும் எண் போட்ட ரசீதும் கையில் வாங்கிய பிறகே பணம் கொடுத்தேன். 54,000க்கு முடிந்தது.

திருப்பூர் அண்ணன் சொன்ன பட்டியலையும் வாங்கினேன். முன் பக்க பிரேக் பேட், கீழ் ஆர்ம் புஷ் இரண்டு, ஒரு ஷாக் அப்சார்பர். அதையும் இப்போதே செய்துவிடச் சொல்லிவிட்டேன். எஞ்சின் வெளியே இருக்கும்போதே டைமிங் செயின் செட், தண்ணீர் பம்ப், பின்பக்க ஆயில் சீல் மூன்றும் புதிதாக ஏறுகின்றன. இன்ஜெக்டர்கள் என் வண்டியில் இருந்தவையே, சோதித்துப் பார்த்ததில் நன்றாக இருக்கின்றன. எல்லாம் சேர்த்து 1,12,500. சம்புக்கு இன்சூரன்ஸில் வருவதைக் கழித்தால் இன்னும் சற்றுக் குறையும். இன்னும் மூன்று வருடம் பள்ளிக்கு ஓடினால் போதும், 45,000 கிலோமீட்டருக்குக் கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் விழுகிறது. வேறு வண்டிக்குக் கடன் வாங்கினால் முதல் வருட வட்டியே இதில் பாதியைத் தின்றுவிடும். கணவரும் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதிக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். பதிவெண் ஐயா, ரசீதும் ஆர்.சி. நகலும் இருந்ததால் கேள்வி எதுவும் வரவில்லை.

அனுமதி கைக்கு வந்த மறுநாளே எஞ்சினை ஏற்றுவதாக மெக்கானிக் சொல்லியிருக்கிறார். அடியில் மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் ஒரு சம்ப் கார்டு அடித்து வைத்திருக்கிறார், அதற்கு 1,800 ரூபாய். லேத் ஐயா, ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: முதல் முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் டர்போவுக்குள் ஆயில் ஊற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

மதுரை லேத் (2 பிப்ரவரி 2025)

உண்மைதான் டீச்சர். ஆயில் குழாயைக் கழற்றி டர்போவுக்குள் சில சொட்டு விட்டு, தண்டைக் கையால் சுற்றிவிடச் சொல்லுங்கள். பிறகு டீசல் போகாதபடி செய்து, பத்துப் பத்து நொடியாக ஸ்டார்ட்டரை மட்டும் சுற்ற வேண்டும். சிவப்பு விளக்கு அணைந்த பிறகுதான் எஞ்சினை ஓடவிட வேண்டும். ஐநூறு கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஃபில்டரை அறுத்துப் பார்த்து, தாளில் மினுமினுப்பு இருக்கிறதா என்று எழுதுங்கள்.